சங்கிலிக்குள் நின்ற சுமைதாங்கி

அந்தப் பானையில் தண்ணீர் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

சித்திரை வெயில். மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். பாலாற்றின் தென்கரையில், இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் மண்டிய ஒற்றையடிப் பாதை. கூப்பிடு தூரத்தில் வீடு கிடையாது, மோட்டார் கொட்டகை கிடையாது, ஆடு மேய்ப்பவர்கூடக் கிடையாது. அங்கே ஒரு கறுப்பு மண்பானை. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார வைத்து, வாயைத் தட்டால் மூடி, தட்டின்மேல் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

பானைக்குப் பக்கத்தில் கல். நெஞ்சளவு உயரத்தில் இரண்டு கல்தூண்கள், அவற்றின் தலையில் குறுக்கே ஒரு பலகைக் கல். சுமைதாங்கி. தலையில் பாரத்தோடு தனியாக வருகிறவர், இன்னொருவர் கையைத் தேடாமல், பாரத்தை அப்படியே நகர்த்தி வைத்து இளைப்பாறுவதற்கான கல்.

அந்தப் பலகைக் கல்லின் மேற்புறம் ஈரமாக இருந்தது. ஈரத்துணியால் யாரோ இப்போதுதான் துடைத்த மாதிரி. அந்த வெயிலில் அந்த ஈரம் எத்தனை நிமிடம் தாங்கும்? மூன்று? நான்கு? நான் சுற்றிப் பார்த்தேன். மணல்தான் தெரிந்தது. எங்கள் கால்தடங்களைத் தவிர வேறு எதுவும் இல்லாத மணல்.

அன்று எங்கள் நடைக் கூட்டத்தில் பதினேழு பேர். எல்லோரும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, ஏற்பாடு பிரமாதம் என்று என்னைப் பாராட்டினார்கள். இந்த நடைகளை என்னோடு சேர்ந்து நடத்தும் சார்லஸைப் பார்த்தேன். நீதானே செய்தாய் என்பது போல சார்லஸ் என்னைப் பார்த்தான்.

கூடுவாஞ்சேரியிலிருந்து வரும் வங்கி ஊழியர் ஒருவர், எப்போதும் அளவுக்கு மீறிப் பெரிய பையோடுதான் வருவார். எல்லோரையும் போல அவரும் பையைக் கல்மேல் வைத்திருந்தார். கிளம்பும்போது கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, பட்டைகளில் தோளை நுழைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் தம்பி" என்றார்.

யாருக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பின்னால இருந்து தூக்கி விட்டாரே, அவருக்குத்தான்" என்று திரும்பினார். பின்னால் கல் மட்டும் நின்றது. சிரித்துக்கொண்டார். நாங்களும் சிரித்தோம். ஆனால் ஆற்றுமணலில் இறங்கும் வரை அவர் திரும்பித் திரும்பிக் கல்லைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆறு வரும் ஊர்

இந்தத் தொடரில் போன வாரம் சதுரங்கப்பட்டினத்துக் கழிமுகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். கடலோரத்தில் இவ்வளவு எழுதுகிறீர்களே, அதற்கு மேலே ஆறு என்ற ஒன்று இருக்கிறதா என்று ஒரு வாசகர் கிண்டலாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

பாலாறு ஓடுகிற ஆறு இல்லை. அது வருகிற ஆறு. கரையோர ஊர்களில் அப்படித்தான் பேச்சு. "ஆறு வந்துட்ச்சா?" என்று கேட்பார்கள், ஊருக்குப் போன சொந்தக்காரர் திரும்பினாரா என்று விசாரிப்பதைப் போல. சில வருடம் வரும். பல வருடம் வராது. வராத காலத்தில் அது அரைக் கிலோமீட்டருக்கும் மேல் அகலமான வெள்ளை மணல். நடுப்பகலில் அதில் இறங்கினால் கண் கூசி, தூரத்தில் நிற்கிற பனைமரம் நம்மோடு சேர்ந்து நடக்கிற மாதிரி தோன்றும்.

நானும் சார்லஸும் இந்த ஆற்றோரம் ஞாயிற்றுக்கிழமை நடைகளை ஆரம்பித்தது ஒரு வீம்பில்தான். நான் ஊரப்பாக்கம். அவன் பாலாற்றங்கரையிலேயே வேறொரு ஊர். இரண்டு பேரும் ஒரே பொறியியல் கல்லூரியில் படித்து, ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அலுத்துப்போனவர்கள். சென்னையிலிருந்து வருகிற கூட்டமெல்லாம் மாமல்லபுரத்தில் இறங்கி, மீன் வறுவல் தின்று, படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறது. குடைவரைக் கோயில்களும் பழங்காலத்துக் கல்வட்டங்களும் ஏரிக்கரைப் பறவைகளும் இருக்கிற உள்நாட்டுப் பக்கத்துக்கு ஒருவரும் வருவதில்லை. நாம் கூட்டி வந்து காட்டுவோம் என்று கிளம்பினோம். செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் கூடுவோம், வேனில் ஆற்றங்கரைக்குப் போய் அங்கிருந்து நடப்போம். முதல் நடைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் என் அப்பா.

எனக்குள் இந்தப் பித்து ஏறிய இடம் மாமல்லபுரம்தான், அதையும் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்புச் சுற்றுலா. பாறைச் சரிவு ஒன்றில் பிள்ளைகள் எல்லாம் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தோம். எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் சறுக்கிய பாறையோ, கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது, ஒரு மிருகத்தின் உடம்பு போல. டீச்சர் காதைத் திருகி இழுத்துக்கொண்டு போனார்.

மூன்று ஞாயிறுகள்

அந்தப் பாதைக்கு நாங்கள் தற்செயலாகத்தான் போனோம். வழக்கமான கரைப்பாதையை மனைப்பிரிவு போட்டவர்கள் வேலி போட்டு மறித்திருந்தார்கள். மஞ்சள் கொடிகளும் சுண்ணாம்பு பூசிய எல்லைக் கற்களுமாக இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனபோது இந்த ஒற்றையடிப் பாதை கிடைத்தது. முள் வெட்டி ஒதுக்கியிருந்தது. யாரோ நடப்பதற்கென்றே பெருக்கி வைத்திருந்த மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறும் போனோம். பானை நிறைந்திருந்தது. கல் ஈரமாக இருந்தது. அன்று பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது யாரோ தாங்கிப் பிடித்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். கேலிக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு நான் மட்டும் அரை மணி நேரம் முன்னதாகப் போய், புதர் நிழலில் உட்கார்ந்துகொண்டேன். யார் கல்லைத் துடைக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று தீர்மானம். உச்சி வேளை. காற்று அடங்கியிருந்தது. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பச்சைக்கிளி கத்தியது, தலையைத் திருப்பி அதைப் பார்த்துவிட்டு மறுபடி கல்லைப் பார்த்தேன்.

ஈரமாக இருந்தது.

எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. கூட்டம் வந்து சேரும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இதைச் சார்லஸிடம்கூடப் பல மாதம் சொல்லவில்லை.

நான் எழுதிய வாசகம்

அப்போதுதான் தடுப்பணைக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா வரப்போகிறது என்று செய்தி. தேங்கியிருக்கும் தண்ணீரில் படகு, கரையில் நடைபாதை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல். அதன் பொறுப்பில் இருந்த குழுவினர் எங்கள் நடைகளைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார்கள். ஆற்றங்கரையின் மரபைச் சொல்லும் மூலை ஒன்று வேண்டும், யோசனை எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

என்னிடம் போய் அப்படிச் சொல்லலாமா? ஒரே மூச்சில் எட்டுப் பக்கம் எழுதினேன். அதில் முதல் யோசனையே அந்தச் சுமைதாங்கி. மனைப்பிரிவு நெருங்கிக்கொண்டே வருகிறது. என்றைக்காவது ஒரு பொக்லைன் வண்டி அதைச் சாய்த்துவிடும். பத்திரமாகப் பெயர்த்துப் பூங்காவில் நட்டுவிட்டால் பிழைக்கும். மனதார நம்பித்தான் எழுதினேன்.

சுமைதாங்கி எதற்காக நடுவது என்பது எனக்குத் தெரியும். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக நடுவார்கள். இறக்கி வைக்காமலே போய்விட்ட அவளுடைய பாரம், வழிப்போக்கர்கள் தங்கள் பாரத்தை அந்தக் கல்மேல் இறக்க இறக்கக் குறையும் என்பது நம்பிக்கை. எல்லாம் படித்ததுதான். பலகைக் கல்லின் ஓரத்தில் தேய்ந்துபோன பூவேலைப்பாடு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு இது பல நூறு வருடத்துக் கல் என்று நானே முடிவு கட்டினேன்.

ஊரில் கேட்டோம். டீக்கடையில் கேட்டோம். அது யாருடையதும் இல்லை, எடுத்துக்கொண்டு போங்கள், பத்திரமாக இருந்தால் சரி என்றார்கள். ஆற்றோரத் தெருவிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சார்லஸ் சொன்னான். எனக்கு அன்றைக்கே பூங்காக் குழுவிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம். அடுத்த முறை பார்க்கலாம் என்றேன்.

ஒரு புதன்கிழமை கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். நான் அலுவலகத்தில் இருந்ததால் போகவில்லை. பூங்காவின் நடைபாதை ஓரத்தில் நட்டு, நான்கு பக்கமும் குட்டைத் தூண் வைத்துச் சங்கிலி போட்டார்கள். பலகையில் என்ன எழுதலாம் என்று கேட்டார்கள். மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்:

"பல நூற்றாண்டுகள் பழமையான சுமைதாங்கிக் கல். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அக்காலத்தில் நடப்பட்டது. தொடாதீர். இதன்மேல் எதையும் வைக்காதீர்."

ஏகாம்பரத்தின் போன்

பூங்காவின் காவலாளி ஏகாம்பரம், முன்னாள் லாரி டிரைவர். எதற்கும் அசையாத மனிதர். முறையான திறப்பு விழாவுக்கு முன்பே ஜனங்களை உள்ளே விட ஆரம்பித்திருந்தார்கள். விட்ட நான்காம் நாள் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், இங்க ஒரு பேஜாரு. நீ எழுதுன போர்டாண்ட ஜனம் நிக்கிது."

நிற்கட்டும், படிக்கத்தானே வைத்திருக்கிறோம் என்றேன்.

"படிக்கல மேடம். போர்ட பாக்கவே இல்ல. கைய வீசிகினு வர்றவன் ஒருத்தனும் நிக்கல. எதுனா தூக்கிகினு வர்றவன்தான் நிக்கிறான். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். ஏன் நிக்கிறன்னு கேட்டா அவனுக்கே தெரில."

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். எதிரே இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வேட்டி கட்டிய இருவர் கைவீசிப் பேசிக்கொண்டே போனார்கள். போய்விட்டார்கள். ஒரு பெண் இரண்டு கையிலும் சாப்பாட்டுக் கூடைகளோடு வந்தாள். சங்கிலிக்கு முன்னால் வந்ததும் நின்றாள். கல்லைப் பார்த்தபடி நின்றாள். பிறகு தூக்கத்திலிருந்து விழித்தவள் போலக் கூடைகளைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே பிள்ளையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஒருவர். அவரும் நின்றார். "அப்பா, போ" என்று பிள்ளை அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தது.

அங்கே பாதை குறுகுகிறது, மரநிழல் இருக்கிறது என்றெல்லாம் சார்லஸ் போனில் காரணம் சொன்னான். பாதை அகலமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் மரமே இல்லை.

நானே நடந்து பார்த்தேன். பையை பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தபோது ஒன்றும் இல்லை. பிறகு மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு, ஏகாம்பரத்தின் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. வரிசையில் முன்னால் போகிறவர் நின்றால் நம் கால் தானாக நிற்குமே, அப்படி நின்றது. கேன் என்னை அறியாமல் நெஞ்சு உயரத்துக்கு ஏறியது. அதற்குமேல் நீட்ட முடியாமல் சங்கிலி தொடையில் இடித்தது.

தண்ணீர் இருந்தால் நிற்பார்கள்

"நீதானா அது?"

திரும்பினேன். புல்தரையில், கல்லிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. இடுப்பில் வெறும் மண்பானை. அந்தப் பானையை எனக்குத் தெரியும்.

"கண்ணாடி போட்டுகினு, வேக வேகமா பேசற பொண்ணு ஒண்ணுதான் எடுத்துகினு போச்சுன்னாங்க. நீதானா?"

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்று பிறகு தெரிந்தது. என் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். படித்தேன். பல நூற்றாண்டு என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கம்மா செத்து முப்பத்திரெண்டு வருசம் ஆவுது" என்றாள்.

பெயர் அமுலு. கல்பாக்கம் குடியிருப்பில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. பிறந்தது நான் கேட்காமல் விட்ட அந்த ஆற்றோரத் தெருவில். அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது அம்மா இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதம். வலி எடுத்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஆற்றைத் தாண்ட வேண்டும், அப்போது பாலம் கிடையாது. எப்போதும் மணலில் நடந்து தாண்டுகிற ஆறுதான். கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தால், பல வருடமாக வராத ஆறு அன்றைக்கு வந்திருந்தது. தண்ணீர் வடியும், வடியும் என்று கரையிலேயே கட்டிலை இறக்கிக் காத்திருந்தார்கள். உச்சி வேளைக்குள் முடிந்துவிட்டது. பிள்ளை வயிற்றிலேயே.

கட்டில் இருந்த இடத்தில்தான் அப்பா கல் நட்டார். ஆறு வடிந்த பிறகு மணலில் பழைய பலகைக் கல் ஒன்று கிடந்ததாம். எந்தக் காலத்து, எந்தக் கோயில் கல்லோ. அதையே குறுக்கே வைத்தார்கள்.

சொந்தக்காரர்கள் இறக்கும் பாரம் கணக்கில் சேராதாம். வேண்டுமென்றே கொண்டுவந்து இறக்கினாலும் சேராது. உறவில்லாத யாரோ ஒருவர், நிஜமாகவே கைவலித்து, தோள்வலித்து இறக்க வேண்டும்.

"மொதல்ல நெறைய பேரு வருவாங்க. வெறகு, புல்லுக்கட்டு, கீரக்கட்டுன்னு. அப்பறம் பாலம் வந்துச்சு, பஸ்சு வந்துச்சு, ஆளாளுக்கு வண்டி வந்துச்சு. யாரு நடக்கறா? அப்பறந்தான் நீங்க பையத் தூக்கிகினு கரை மேல போறத வேன்ல இருந்து பாத்தேன். அந்தாண்ட முள்ள வெட்டி வுட்டேன். பானைய வெச்சேன். தண்ணி இருந்தா நிப்பாங்க. நின்னா எறக்குவாங்க."

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பானையை வைத்துவிட்டு, ஆறரை மணி வேனுக்கு ஓடிவிடுவாளாம். பன்னிரண்டு மணிக்குக் கல் ஈரமாக இருந்ததைப் பற்றி நான் அவளிடம் கேட்கவில்லை.

கல்லைப் பெயர்த்த பிறகு வந்த ஞாயிறு அவள் போனபோது இரண்டு குழிகள் மட்டும் இருந்திருக்கின்றன. பானைத் தண்ணீரை அந்தக் குழிகளில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். இன்று வார விடுமுறை, விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். கல்லைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறேன் என்றேன்.

"அங்க வெச்சி? அங்க யாரு கீறாங்க?" என்றாள். "இங்கதான் ஜனம் வருது. சங்கிலிய எடு. போர்ட எடு. அது இன்னும் சுமந்துகினுதான் நிக்கிது. நீ எறக்காதன்னு எழுதி வெச்சிகீற."

எதை எழுதுவது?

குழுவிடம் போனேன். சங்கிலியை எடுக்க முடியாது என்றார்கள். பழமையான கல், ஒரு கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது? நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்? எட்டுப் பக்கத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தார்கள். பழமையானது இல்லை என்றால் என்று இழுத்தேன். அப்படியானால் இங்கே எதற்கு, திறப்பு விழாவுக்குள் பெயர்த்துக் கட்டட இடிபாட்டோடு கொட்டிவிடுவோம் என்றார் ஒருவர். கோபமாகச் சொல்லவில்லை. மதிய உணவுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு.

வெளியே வந்ததும் சார்லஸ் சொன்னான். "பொய்ய அப்பிடியே வுட்டா பூட்டி வெப்பான். நெசத்த சொன்னா தூக்கிப் போடுவான். எத எழுதப் போற மச்சி?"

ஒரு வாரம் எதையும் எழுதவில்லை. காரணங்கள் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வெட்கம். அந்தக் கல்லைக் காட்டி எத்தனை பேரிடம் பல நூற்றாண்டு என்று அளந்திருக்கிறேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசியிருக்கிறேன். பதினேழு பேர் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள். அதோடு, தெருவில் போய் ஒரு வார்த்தை கேட்காத என் அவசரமும் வெளியே வரும்.

வாரக் கடைசியில் ஏகாம்பரம் மறுபடி போன் செய்தார். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

நிறைமாதப் பெண் ஒருத்தி, தாயோடு காற்று வாங்க வந்திருக்கிறாள். சங்கிலிக்கு முன்னால் நின்றவள் நகரவே இல்லை. தாய் கூப்பிட்டுப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். கால் வீங்கியிருக்கிறது, வெயில் ஏறுகிறது. ஏகாம்பரம் ஓடிப்போய்த் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு தெரியுமா மேடம்? 'அந்தம்மா மொதல்ல உக்காரட்டும், ரொம்ப நேரமா நிக்கிறாங்க'ன்னிச்சு. கல்லுப் பக்கம் கைய காட்டிகினு."

அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"நான் நாற்காலிய அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன் மேடம்" என்றார்.

அந்தப் பெண் பத்திரமாக வீட்டுக்குப் போய்விட்டாள். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். நான் எழுதிக் கொடுத்தது தவறு. கல்லின் காலத்தை நான் ஊகித்தேன். கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை. இது முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு குடும்பம் தங்கள் வீட்டுப் பெண்ணுக்காக நட்ட கல். இடிபாட்டில் கொட்ட வேண்டாம், குடும்பத்தாரோடு வந்து நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டு நாளில் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பதில் வந்தது. எட்டுப் பக்கத்தில் மீதி எந்த யோசனையையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நடைக் கூட்டத்திலும் உண்மையைச் சொன்னேன். ஐந்தாறு பேர் அதற்குப் பிறகு வரவே இல்லை.

பஸ் நிற்கும் இடம்

எங்கே நடுவது என்று இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. ஆற்றோரத் தெருவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். முதல் வீட்டிலேயே அமுலுவின் அம்மாவைத் தெரிந்திருந்தது. மூன்றாவது வீட்டில், அன்று கட்டில் தூக்கியவர்களில் ஒருவரே இருந்தார். பேசிப் பேசிக் கடைசியில் அமுலுதான் சொன்னாள். ஊருக்குத் திரும்பும் முனையில், திருக்கழுக்குன்றம் சாலையில், பஸ் நிற்கிற இடம். சந்தைக்குப் போய்வருகிறவர்கள் அங்கேதான் மூட்டையோடு இறங்குகிறார்கள். நிழற்குடை கிடையாது, உட்கார இடம் கிடையாது. மூட்டையைத் தரையில் வைத்தால் மறுபடி தூக்கி விட ஆள் தேட வேண்டும்.

ஒரு டிராக்டரில் கல் வந்து சேர்ந்தது. சார்லஸும், வங்கி ஊழியரும், தெருக்காரர்களும் சேர்ந்து குழி தோண்டி நட்டார்கள். அமுலு எதையும் தொடவில்லை. தொடுகிற உரிமை தனக்கு இல்லை என்பது போல, சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு புங்கமரத்தடியில் போய் நின்றுகொண்டாள். வேலை முடிந்ததும் நாங்களும் அங்கே போய் உட்கார்ந்தோம். எங்களில் ஒருவரும் போய் எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் பேச்சு.

முதல் பஸ்ஸில் இறங்கியவர் கையில் குடை மட்டும் இருந்தது. இரண்டாவது பஸ் நிற்கவே இல்லை. வெயில் உச்சிக்கு வந்தது. தார்ச்சாலை நெளிந்தது. அமுலு முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது பஸ்ஸிலிருந்து ஒரு கருவாட்டுக்காரப் பெண் இறங்கினாள். கடற்கரைப் பக்கத்து ஆள், இந்தத் தெருவில் யாருக்கும் அவளைத் தெரியாது. கண்டக்டர் தூக்கி விட்ட அலுமினியக் கூடை தலையில். இரண்டு அடி வைத்தாள். கல்லைப் பார்த்தாள். அங்கே நேற்றுவரை கல் இல்லை என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. நேராகப் போய், தலையைக் கொஞ்சம் சாய்த்து, கூடையை அப்படியே கல்மேல் நகர்த்தினாள். சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைந்து நிமிர்ந்தாள்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. நீளமாக, மெதுவாக, கல்லின் அடியிலிருந்து. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவது போல.

புது மண், பாரம் ஏறியதும் அமுங்குகிறது என்றான் சார்லஸ். அமுலு முந்தானையை முறுக்குவதை நிறுத்தியிருந்தாள்.

கருவாட்டுக்காரி கூடையை மறுபடி தலைக்கு நகர்த்திக்கொண்டு, தெருவுக்குள் போய்விட்டாள். கருவாட்டு வாடை மட்டும் சாலையைத் தாண்டி வந்தது.

அமுலு வெகுநேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கம்மா பேரு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

எட்டுப் பக்கம் யோசனை, மூன்று முறை திருத்திய பலகை, ஒரு பக்கக் கடிதம். எதிலும் அந்தப் பெயர் இல்லை. நான் கேட்கவே இல்லை. வழக்கம்போல நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினேன்.

"எழுதாத" என்றாள் அமுலு. "சும்மா கேட்டுக்க."

நோட்டை மூடினேன். அவள் என் காதருகே வந்து சொன்னாள். அன்றைக்கு எழுதவில்லை. இங்கேயும் எழுதவில்லை.